ரீடச்சிங்: 'மெய்த்திரிபு' என்று சொல்லலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். எடுத்த புகைப்படத்தைக் கணினியில் மாற்றியமைக்கும் 'ரீடச்சிங்' வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஓர் அன்பர் இப்படி எழுதியிருந்தார்:

> 'மெருகூட்டல்' என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. என்ன புரியும் என்பதுதான் என் கவலை. மெருகு போட்டால் பொருள் பளபளக்கும், பொருள் அதேதான். படத்தில் உருவத்தை நெளித்து மாற்றும் லிக்விஃபை கருவியால் மாடலின் இடுப்பை உள்ளே தள்ளிய பிறகு படத்தில் இருப்பது வேறு இடுப்பு. இன்னொரு அன்பர் தந்த 'திருத்தம்' இன்னும் உறுத்துகிறது. பிழை இருந்தால்தானே திருத்துவோம்? ஒரு பெண்ணின் தோளகலத்தைப் பிழை என்று நம் கலைச்சொல்லே சொல்லிவிடக் கூடாது.

ஃபேஷன் படங்களை ரீடச் செய்வது என் பிழைப்பு. வேலையிடத்தில் 'டச்சப்' என்பதற்குள் எல்லாம் அடங்கிவிடும். தூசிப் புள்ளியை அழிப்பதும் டச்சப், தொடையைப் பாதியாக்குவதும் டச்சப். 'கொஞ்சம் டச்சப் பண்ணிடுங்க' என்று வந்த ஒரு குறிப்பை வைத்து, ஒரு மாடலின் கழுத்தை நீட்டி, தோலையும் வெளுப்பாக்கிக் கொடுத்தேன். அவரிடம் யாருமே கேட்கவில்லை என்பது படம் அச்சான பிறகுதான் தெரிந்தது. இரண்டு வேலைக்கும் இரண்டு சொல் இருந்திருந்தால், 'அவர் சம்மதித்தாரா?' என்று முதலிலேயே கேட்டிருப்பேன். இன்றும் அது மனதை அறுக்கிறது.

ஆகவே ஒளி, நிறம், தூசி, பின்திரைச் சுருக்கம் ஆகியவற்றைச் சரிசெய்வதைச் 'செப்பம்' என்போம். உடலை மாற்றுவது 'மெய்த்திரிபு'.

திரிபு ஏன்? சொற்கள் சேரும்போது நிகழும் எழுத்துத் திரிபைத் தொல்காப்பியம் புணரியலில் மூன்றாக வகுக்கிறது: மெய்பிறிதாதல் (ஓர் எழுத்து வேறாக மாறுவது), மிகுதல் (கூடுவது), குன்றல் (குறைவது). ரீடச் செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியல் கிடைக்காது. பிரான்ஸில் 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடல்வடிவை மெலிதாக்கினாலோ பருமனாக்கினாலோ 'ரீடச் செய்த படம்' என்று குறிப்பிட்டாக வேண்டும். மீறினால் 37,500 யூரோ அபராதம். மெலிதாக்குவது குன்றல், பருமனாக்குவது மிகுதல். முடியும் தோலும் அந்த விதிக்குள் வராது. அதே ஆண்டு நவம்பரில், பிரிட்டன் இதழொன்றின் அட்டைப்படத்தில் தன் சுருள்முடியின் ஒரு பகுதியை அழித்து, மிச்சத்தை வழவழப்பாக்கிவிட்டார்கள் என்று நடிகை லுபிடா நியோங்கோ வெளிப்படையாகக் கண்டித்தார். அது மெய்பிறிதாதல். நார்வேயில் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி, உடலின் வடிவு, அளவோடு தோலையும் சேர்த்துக்கொண்டது. குன்றல், மிகுதல், மெய்பிறிதாதல் மூன்றையும் தாங்கும் சொல் நமக்கு வேண்டும். மெய் என்றால் உடல், உண்மை இரண்டும்தான். அந்த இரட்டைப் பொருளை நான் விரும்பியே வைத்திருக்கிறேன்.

'திரிபு' குற்றம் சாட்டுவதுபோல் இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். கொள்கையைத் திரிப்பதாகச் சாடும் 'திரிபுவாதம்' என்ற சொல் பழகிப்போனதால் அப்படி. இலக்கணத்தில் திரிபு குற்றமில்லை, நடந்ததைச் சொல்கிறது. மாடலே மனமுவந்து சம்மதித்திருந்தாலும் நடந்தது திரிபுதான். படத்தைப் பார்த்துத் தன் உடலை நொந்துகொள்ளும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சம்மதம் தெரியாது.

எல்லைக்கோட்டில் எனக்கு உங்கள் உதவி தேவை. சில நாளில் தானே மறையும் பருவை நீக்கலாம், மச்சத்தையும் தழும்பையும் தொடக் கூடாது என்பது தொழிலில் பலர் வைத்திருக்கும் கணக்கு. அதன்படி பரு செப்பத்தில் சேரும், மச்சம் மெய்த்திரிபில். கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம்? சிலருக்கு அது ஓர் இரவுத் தூக்கத்தில் போகும், சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அதை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?