சாங்கிப் படமும் 'கழிவாற்றல்' என்ற சொல்லும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மாநிலத்துக்கு எந்தெந்த மூலங்களிலிருந்து ஆற்றல் வருகிறது, அது எந்தெந்தப் பயன்பாட்டுக்குப் போகிறது என்பதைப் பட்டைகளாகக் காட்டும் சாங்கிப் படத்துக்கு (Sankey diagram) 'ஆற்றல் பாய்வுப்படம்' என்ற பெயரே போதும் என்று, கலைச்சொற்கள் குறித்த நம் முந்தைய மடலில் கருத்துச் சொல்லப்பட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிரலின் படிகளை அம்புக்குறிகளால் இணைத்துக் காட்டும் படத்தைக் கணினியியலில் முன்பே பாய்வுப்படம் என்கிறோம். அங்கே கோட்டின் தடிமனுக்கு எந்தப் பொருளும் இல்லை. இங்கோ தடிமன்தான் செய்தி: பட்டை எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆற்றல்.

லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் அமெரிக்க மாநிலங்களுக்கு வரைந்துள்ள படங்களில் கலிபோர்னியாவுக்கு உரியதை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் சூரிய ஒளி, அணு, நீர், காற்று, இயற்கை எரிவாயு, பெட்ரோலியம் முதலிய மூலங்களும், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரமும் நிற்கின்றன. நடுவில் மின் உற்பத்தி. அதற்கு வலப்பக்கத்தில் வீடு, வணிகம், தொழில்துறை, போக்குவரத்து. பெட்ரோலியத்திலிருந்து கிளம்பும் கரும்பச்சைப் பட்டையின் பெரும்பகுதி போக்குவரத்துப் பெட்டியில் போய்ச் சேர்வதைக் கண்டால், ஓர் எண்ணைக்கூடப் படிக்காமலே அந்த எரிபொருள் எங்கே தீர்கிறது என்பது விளங்கிவிடும். இந்த இயல்பைச் சொல்லாத பெயர் பாதிப் பெயர்தான்.

ஆகவே 'பருமப் பாய்வுப்படம்' என்று முன்மொழிகிறேன். பருமன் என்பது தடிமனையும் குறிக்கும், அளவையும் குறிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது கனஅளவாகவும் இலங்கைப் பாடநூல்களில் கணியத்தின் அளவாகவும் வழங்குவதால் குழப்பம் வரும் என்று மறுப்பு எழலாம். ஆனால் 'எவ்வளவு' என்ற கருத்து இரண்டிலும் பொதுவாக இருப்பதால் அது தடையாகாது என்பது என் எண்ணம். 1898இல் நீராவிப் பொறியின் ஆற்றல் கணக்கை இவ்வாறு வரைந்து காட்டிய பொறியாளர் சாங்கியின் பெயரை விளக்கத்தில் தரலாம். 1869இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் மினார், நெப்போலியனின் ருசியப் படையெடுப்பில் படை தேய்ந்த கதையைப் பட்டையின் அகலத்தால் காட்டிவிட்டார் என்பதால், சாங்கியின் பெயரே கலைச்சொல்லாக வேண்டிய கட்டாயம் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது, படத்தின் வலக்கோடியில் பயன்படாமல் வெளியேறும் சாம்பல்நிறப் பட்டைக்கு (rejected energy) பரிந்துரைக்கப்பட்ட 'கழிவாற்றல்' என்ற சொல். குப்பையை எரித்துப் பெறும் ஆற்றல் என்றே பலரும் அதைப் புரிந்துகொள்வார்கள். 'விரயம்' என்றால் யாரோ பொறுப்பில்லாமல் வீணடித்ததாகப் பொருள்படும். 2019ஆம் ஆண்டின் அமெரிக்க நாட்டுப் படத்தில் மொத்தம் 100.2 குவாட், ஒரு குவாட் என்பது பத்துக் கோடி கோடி பிரிட்டிஷ் வெப்ப அலகு. அதில் 67.5 குவாட் இந்தப் பட்டையில்தான் போகிறது. வெப்பத்தை முழுமையாக வேலையாக மாற்ற இயலாது என்ற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதில் ஒரு பங்குக்குக் காரணம்; அதை எவருடைய கவனக்குறைவாகவும் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு: அந்தப் படத்தில் காற்றாலை, நீர்மின் போன்றவற்றின் உள்ளீட்டை, அதே மின்சாரத்தை எரிபொருள் நிலையத்தில் எடுத்தால் எவ்வளவு வெப்பம் தேவைப்படும் என்று கணித்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் எந்த உலையிலும் எரியாத வெப்பமும் சாம்பல் பட்டைக்குள் சேர்ந்துகொள்கிறது. கணக்கு முறையால் மட்டுமே தோன்றிய ஒன்றைக் கழிவு என்பது தவறு.

வயலுக்குப் பாய்ந்தது போக மிஞ்சிய நீர் செல்லும் வழியை வடிகால் என்கிறோம். அதில் பழி இல்லை, போக்கு மட்டுமே இருக்கிறது. அதே வேரிலிருந்து 'வடியாற்றல்' என்று வைக்கலாம். பாய்வு என்ற சொல்லோடும் அது இயைகிறது. அதன் இணையாக, பயன்பட்ட ஆற்றலைக் காட்டும் கருஞ்சாம்பல் பட்டையை (energy services) 'ஆற்றல் சேவை' என்றால் மின்வாரியத்தின் வாடிக்கையாளர் பிரிவு நினைவுக்கு வரும். 'பயனாற்றல்' என்பது நேராக இருக்கிறது. வீடு, வணிகம் முதலிய பெட்டிகளைக் குறிக்கும் 'இறுதிப் பயன்பாடு' (end use) ஏற்கெனவே நன்கு வழங்குவதால் அதை மாற்ற வேண்டாம்.

வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: "மாநிலத்தின் பருமப் பாய்வுப்படத்தில், போக்குவரத்துக்குச் சென்ற ஆற்றலில் பெரும்பங்கு வடியாற்றலாகவும் சிறுபங்கு பயனாற்றலாகவும் பிரிகிறது." எனக்கு இது தடையின்றி ஓடுகிறது. 'வடி' என்றதும் வடிகட்டுதல்தான் முதலில் தோன்றுகிறது என்போர் இருந்தால், மாற்றுச் சொல்லையும் இதே வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.