வனத்துறை நிறுத்திய மண்பாதை: எங்கள் டிரெயில் கிளப் இனி எங்கே ஓட்டலாம்?

அடிவாரம்_ரைடர்:

வணக்கம் நண்பர்களே. கோயம்புத்தூர் பக்கம் சின்னதாக ஒரு டிரெயில் ரைடிங் கிளப் நடத்துகிறோம். வண்டிகள் பெரும்பாலும் எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன், ஒன்றிரண்டு பழைய இம்பல்ஸ். ஞாயிறு காலை மலையடிவார மண்பாதைகளில் ஓட்டிவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். ரேஸ் கிடையாது, குடி கிடையாது, குப்பை போடுவது கிடையாது.

போன மாதம் ஒரு வண்டிப்பாதையில் வனக்காவலர்கள் எங்களை நிறுத்தினார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்துவிட்டதாகச் சொல்லி, வாக்குமூலம் எழுதி வாங்கி, இணக்கக் கட்டணம் (கோர்ட்டுக்குப் போகாமல் வழக்கை முடிக்கும் தொகை) கட்டவைத்து அனுப்பினார்கள். அந்த இடத்தில் போர்டு இல்லை, கேட் இல்லை. போனில் இருக்கும் மேப் அதைச் சாலை என்றே காட்டுகிறது. நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஊர்க்காரர் ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் புல்லுக்கட்டோடு அதே பாதையில் போனார். அவரை யாரும் கேட்கவில்லை.

கிளப்பில் பாதிப் பேர் இனி வேண்டாம் என்கிறார்கள். எனக்கு விட மனமில்லை, ஆனால் சட்டப்படி சரியாக ஓட்ட வேண்டும். எது பொதுப் பாதை, எது காடு என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? சைலன்சர் மாற்றிய வண்டிகளுக்குத் தனியாகச் சிக்கல் வருமா? ஒருவர் ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத கேஎல்எக்ஸ் 140 டர்ட் பைக் (மண்ணில் மட்டும் ஓட்டும் வண்டி) வாங்கி வைத்திருக்கிறார், அதை எங்கே ஓட்டுவது?

தேனி_ஹிமாலயன்:

ப்ரோ, அஞ்சு மணிக்குப் போய் ஏழு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

கடமான்:

தேனி நண்பரே, இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். கோவை அடிவாரத்தில் யானைகள் காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே நடமாடுவதே விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான். வளைவில் திரும்பும்போது இருபது அடியில் யானை நின்றால், மண்ணில் வண்டியைத் திருப்பக்கூட நேரமிருக்காது. நாம் மிரட்டிவிட்டு வரும் யானை அடுத்து இறங்குவது யாரோ ஒருவரின் வாழைத் தோட்டத்தில். அந்த ஊர்க்காரர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?

பொள்ளாச்சி_வக்கீல்:

முதலில் ரசீதை எடுத்துப் பாருங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது? அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

அடிவாரம்_ரைடர்:

பார்த்தேன் அண்ணா. தமிழ்நாடு வனச் சட்டம் 1882, பிரிவு 21 என்று இருக்கிறது.

பொள்ளாச்சி_வக்கீல்:

சரி. அப்படியென்றால் அது காப்புக்காடு மட்டும், சரணாலயம் இல்லை. 21-ஆம் பிரிவு காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதையே குற்றமாகச் சொல்கிறது. மரம் வெட்டியிருக்க வேண்டும், வேட்டையாடியிருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. போர்டு இல்லை என்பது மனக்குறையாக இருக்கலாம், அதை நம்பி வழக்கை எதிர்கொள்ள முடியாது.

இதே பாதை ஒரு சரணாலயத்துக்குள்ளோ புலிகள் காப்பகத்துக்குள்ளோ இருந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும். அதன் 27-ஆம் பிரிவின்படி யாரெல்லாம் அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே இருக்கலாம் என்றால்: பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே வசிக்க அனுமதி பெற்றவர், உள்ளே நிலத்தில் உரிமை உள்ளவர், இவர்களைச் சார்ந்து வாழ்பவர்கள், அப்புறம் பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவர். அவ்வளவுதான். முதுமலை புலிகள் காப்பகம் வழியாகப் போகும் மசினகுடி சாலையில் பகலில் பைக்கில் போவது தவறில்லை. அந்தச் சாலையிலிருந்து பக்கவாட்டில் பிரியும் ஒரு மண்தடத்தில் ஐம்பது மீட்டர் இறங்கினாலும் 27-ஆம் பிரிவு வந்துவிடும். 2022 திருத்தத்துக்குப் பிறகு (2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை) இதற்கான பொதுத் தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வண்டியைப் பறிமுதல் செய்ய 50-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. பைக்கைத் திரும்ப எடுக்கக் கோர்ட் படியேற வேண்டியிருக்கும்.

எக்ஸ்எல் வண்டிக்காரரை ஏன் விட்டார்கள் என்று கேட்டீர்கள். அவருடைய நிலமோ மேய்ச்சல் உரிமையோ அந்தப் பக்கம் இருக்கலாம். காட்டை நம்பி வாழ்பவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் சில உரிமைகளைத் தருகிறது. அவர் போவதை வைத்து நமக்கும் வழி உண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மண்தடம்:

மேப் விஷயத்தில் ஒன்று. போனில் தெரியும் மண்பாதைகளில் பல, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தோ மற்றவர்கள் ஓட்டிய ஜிபிஎஸ் தடத்தை வைத்தோ வரைந்தவை. அந்த நிலம் யாருடையது என்று மேப்புக்குத் தெரியாது. டிரெயில் ஆட்கள் ஓட்டி ஓட்டியே சாலையாகிவிட்ட கோடுகளும் அதில் இருக்கின்றன.

நாங்கள் செய்வது இது. போக நினைக்கும் பாதை எந்த வருவாய் கிராமத்தில், எந்தச் சர்வே எண்ணில் வருகிறது என்று கண்டுபிடிப்போம். தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவையிலேயே பட்டா, அ-பதிவேடு (எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் பார்க்கலாம். புறம்போக்கா என்று சரிபார்க்கவும் வசதி இருக்கிறது. அ-பதிவேட்டில் வண்டிப்பாதை என்று இருந்தால் நிம்மதி. ஓடை, குளம் என்று இருந்தால் அது நீர்நிலை, அதை விட்டுவிடுவோம். பட்டா நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்காமல் கால் வைப்பதில்லை.

அதற்குமேல் சந்தேகம் இருந்தால் விஏஓவைப் பார்ப்போம். கடைசியாக வனச்சரக அலுவலகத்தில், இந்தப் பாதை உங்கள் எல்லைக்குள் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுவோம். கேட்டுவிட்டுப் போகிறவர்களை அவர்கள் மதிக்கிறார்கள், இது அனுபவம். காப்புக்காட்டு எல்லையில் எண் பொறித்த கற்களோ கற்குவியலோ இருக்கும். புதர் மூடிக் கிடந்தாலும் ஒருமுறை பழகிவிட்டால் கண்ணில் படும்.

கடமான்:

பிப்ரவரி முதல் மழை தொடங்கும்வரை வனத்துறை ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே தனி விதிமுறைகள் வந்தன. 2024-இல் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் குறிப்பிட்ட பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். ஆனால் அது நடப்பவர்களுக்கு மட்டும். அந்த அனுமதியைக் காட்டி பைக்கை ஏற்ற முடியாது. காய்ந்த புல்லில் சூடான சைலன்சர் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று, வீடியோ. சமூக வலைதளத்தில் போட்ட காட்சிகளை வைத்தே வனத்துறை வழக்குப் பதிந்திருக்கிறது. காட்டுக்குள் ஓட்டும் வீடியோவைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் அங்கே கிளம்புவதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை.

ஒர்க்‌ஷாப்_மணி:

வண்டிப் பக்கம் நான் சொல்கிறேன் தம்பி.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்தும் ஆர்சியில் இருப்பதிலிருந்தும் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. சத்தம் விதியை மீறினால் 190(2) தனி: முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் வரலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அதனால் கிளப் ரைடில் ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்த) சைலன்சர் கட்டாயம் என்று வையுங்கள். ஊர்க்காரர்களோடு வரும் சண்டையில் பாதி சத்தத்தால்தான் வருகிறது.

எக்ஸ்பல்ஸில் 200 4வி புரோ, நீண்ட சஸ்பென்ஷனோடு கம்பெனியிலிருந்தே வருகிறது, ஆர்சி பிரச்சினை இல்லை. சாதாரண மாடலில் தனியாக ரேலி கிட் வாங்கிப் போட்டால் அது போட்டிக்கான சாமான், ரோட்டுக்கு இல்லை.

கேஎல்எக்ஸ் 140 ரோட்டில் ஓட்டவே கூடாத வண்டி. மண்பாதையும் மக்கள் போய்வர உரிமை உள்ள இடம் என்றால் சட்டத்தில் பொது இடம்தான். பிக்கப்பில் ஏற்றிக்கொண்டுபோய், சுற்றி வேலி போட்ட தனியார் இடத்தில் இறக்கி, அங்கேயே ஓட்டி, அங்கேயே ஏற்ற வேண்டும். டீக்கடைவரை கூட ஓட்டக் கூடாது.

பொள்ளாச்சி_வக்கீல்:

மணி அண்ணன் சொன்னதோடு இன்சூரன்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான டூவீலர் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டுக்குக் காப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும். கிளப்பில் நேரம் குறித்து, யார் முதலில் என்று அறிவித்தால் அது போட்டி. பொது இடத்தில் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவும் சேரும். போட்டி வேண்டும் என்றால் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) அங்கீகாரத்தோடு நடக்கும் ரேலி, சூப்பர்கிராஸ் நிகழ்ச்சிகளுக்கு லைசென்ஸ் எடுத்துப் போங்கள்.

அடிவாரம்_ரைடர்:

எல்லோருக்கும் நன்றி. மண்தடம் சொன்னபடி புலப்படம் பார்த்தேன். வண்டிப்பாதை ஒரு பள்ளம்வரை புறம்போக்காக வருகிறது, அதைத் தாண்டியதும் காப்புக்காடு. எங்களை நிறுத்தியது பள்ளத்துக்கு அந்தப் பக்கம்தான். இப்போது கிளப்பில் ஒருவருடைய மாமாவின் மேட்டுக்காடு (மானாவாரி நிலம்) ஏழெட்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது, மாதம் இரண்டு ஞாயிறு தரச் சம்மதித்திருக்கிறார். காட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. அவரிடம் எழுத்தில் என்னென்ன வாங்கவேண்டும்?

மண்தடம்:

நல்ல முடிவு. பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கறவை மாடு இருக்கும் வீடு என்றால் பால் கறக்கும் நேரத்தில் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பொள்ளாச்சி_வக்கீல்:

ஒரு பக்கக் கடிதம் போதும். சர்வே எண், பரப்பு, எந்த நாட்களில் எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, கட்டணம் உண்டா இல்லையா, விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது, எந்த நிபந்தனையில் அவர் அனுமதியை ரத்து செய்யலாம். இவ்வளவும் இருக்கட்டும். ஓட்டுகிறவர்கள் தனித்தனியாகவும் கையெழுத்திட வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர். 108 ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி எது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

கையெழுத்துக்கு முன் பட்டாவைப் பாருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மாமா ஒருவர் சம்மதம் போதாது, பெயர் இருக்கும் எல்லோரிடமும் வாங்குங்கள்.