காய வைத்து அடுக்கிய புல் உள்ளே சுடுகிறது, அவசரம்

நாலுமாடு:
வணக்கம். சொந்தமாகப் போட்ட புல்லை அறுத்துக் காய வைத்துப் படப்பு போட்டேன். ஆறு நாள் ஆகிறது. இன்று காலை தீனி உருவக் கையை விட்டால் உள்ளே சுடுகிறது. வெளியே மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருக்கிறது. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. கோடைக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வரப்போரம்:
என்ன புல்? எத்தனை நாள் காய்ந்தது? எங்கே அடுக்கியிருக்கிறீர்கள்? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கல்லுப்பு:
உப்பு போட்டீர்களா? 100 கிலோ புல்லுக்கு ஒரு கிலோ கல்லுப்பை அடுக்குக்கு அடுக்கு தூவ வேண்டும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். பூசணம் வந்ததே இல்லை, மாடும் விரும்பித் தின்னும்.

பெரியகளம்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன். அடுக்குவதற்கு முன்னால் தேடிப் படித்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது. பச்சைப் புல்லில் 100க்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். அடுக்கும்போது அது 15, மிஞ்சினால் 18க்கு வந்திருக்க வேண்டும். இலை மொறுமொறுப்பதை வைத்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது தம்பி. தண்டை எடுத்துக் கணுவில் நகத்தால் கீறிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் அது காயவில்லை.

வரப்போரம்:
ஐயா, அவர் பதறிப்போய் வந்திருக்கிறார். முதலில் அதைப் பார்ப்போம்.

கவைக்கம்பு:
மற்றதெல்லாம் அப்புறம். சூடு எவ்வளவு என்று இப்போதே பாருங்கள். நீளமான இரும்புக் கம்பியைப் படப்பின் நடு வரைக்கும் குத்தி, கால் மணி நேரம் விட்டு உருவுங்கள். உள்ளே இருந்த நுனியைத் தொட்டுப் பிடித்திருக்க முடிந்தால் பிரித்துப் போட நேரம் இருக்கிறது. பிடிக்க முடியாமல் கையை இழுத்துக்கொண்டால் 60 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பக்கம் போய்விட்டால் எந்த நேரமும் தானாகவே தீப்பிடிக்கும். அந்த நிலையில் பிரித்தால் காற்று பட்டுக் குப்பென்று பற்றிக்கொள்ளலாம். தண்ணீரும் இரண்டு ஆட்களும் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள். மேலே ஏறி நிற்கவும் கூடாது, உள்ளே கருகிக் குழிந்திருந்தால் கால் இறங்கிவிடும்.

நாலுமாடு:
கம்பு நேப்பியர். எல்லோரும் போடுவதுதானே என்று எழுதவில்லை. 75 நாள் பயிர். மூன்று நாள் நல்ல வெயில். கொட்டகைக்குள் சுவரை ஒட்டிச் சிமெண்டுத் தரையில் அடுக்கி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கம்பி குத்தப் போகிறேன்.

கவைக்கம்பு:
கொட்டகைக்குள்ளா? முதலில் மாடுகளை அவிழ்த்து வெளியே கட்டுங்கள்.

வரப்போரம்:
நேப்பியரா! முதலிலேயே சொல்லியிருக்கலாமே. 75 நாளில் தண்டு கட்டைவிரல் பருமன் வந்திருக்கும். அதன் இலை ஒன்றரை நாளில் சருகாகிவிடும், தண்டுக்குள் கரும்பு மாதிரி ஈரம் அப்படியே நிற்கும். அறுத்த புல் உடனே சாவதில்லை. ஈரம் இருக்கும் வரை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், அதில் வெப்பம் வரும். அப்புறம் பூசணமும் நுண்ணுயிரும் சேர்ந்து இன்னும் சூடேற்றும். நீங்கள் தார்ப்பாயை இறுக்கிக் கட்டியதால் அந்த ஆவி போக வழியே இல்லை. தரையிலிருந்தும் ஈரம் ஏறியிருக்கும். அடியில் கட்டையோ கல்லோ போட்டு ஒரு முழம் உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

கல்லுப்பு:
உப்பு போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றுதான் இப்போதும் சொல்வேன்.

பெரியகளம்:
ஓரளவு காய்ந்த புல்லில் உப்பு கொஞ்சம் துணை செய்யும். இவ்வளவு ஈரத் தண்டை உப்பு காப்பாற்றாது. நேப்பியரைக் காய வைத்துச் சேமிக்க நினைத்ததே தவறு. அதைப் பச்சையாக நறுக்கிப் போடுங்கள், இல்லையென்றால் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்துச் சேமிக்கும் சைலேஜ் போடுங்கள். காய வைக்க மெல்லிய தண்டு வேண்டும். கொழுக்கட்டைப் புல் அதற்கென்றே வந்தது போல. மாலையில் அறுத்தால் அதிலும் இன்னும் நல்லது.

தும்புக்கயிறு:
மாலையிலா? பனி உலர்ந்ததும் காலையில் அறுத்தால்தானே முதல் நாள் வெயில் முழுசாகக் கிடைக்கும்?

பெரியகளம்:
பகல் முழுவதும் இலை சர்க்கரை சேர்க்கிறது, இரவில் செலவழிக்கிறது. மாலையில் அறுத்த புல் இனிப்பு. இரண்டையும் மாட்டின் முன்னால் வைத்துப் பாருங்கள், எதைத் தின்கிறது என்று அதுவே காட்டும்.

தும்புக்கயிறு:
நீங்கள் சொல்வது சரிதான் ஐயா, ஆனால் பாதிதான். வெளிச்சத்தில்தான் இலையின் துளைகள் திறந்திருக்கும். அறுத்த முதல் சில மணி நேரத்தில் வேகமாகப் போகும் தண்ணீர் அது வழியாகத்தான் போகிறது. மாலையில் அறுத்துப் போட்டால் துளை மூடிக்கொள்ளும், இரவுப் பனியில் கிடந்து மூச்சு விட்டே சேர்த்த சர்க்கரையை எரித்துவிடும். நான்கு நாளும் காற்றும் வெயிலும் நிச்சயம் என்றால் மாலை அறுங்கள். மேகம் சுற்றும் பருவத்தில் நான் காலைதான்.

மேய்ச்சல்வெளி:
குதிரைமசால் என்ற பயறு வகைத் தீவனத்துக்கு இரண்டு பேச்சும் முழுசாகப் பொருந்தாது. அதில் இலைதான் சத்து, புரதத்தில் பெரும்பங்கு அங்கேதான். உச்சி வெயிலில் புரட்டினால் இலையெல்லாம் உதிர்ந்து மண்ணோடு போய், கையில் குச்சிதான் மிஞ்சும். விடியற்காலை ஈரப்பதத்திலேயே மெதுவாகப் புரட்ட வேண்டும். பத்தில் ஒரு செடி பூத்ததும் அறுத்துவிடுங்கள்.

கவைக்கம்பு:
இதையெல்லாம் தனியாகப் பேசலாம். நாலுமாடு, கம்பி என்ன ஆயிற்று?

வரப்போரம்:
அவர் வரும்வரை அடுத்த அறுப்புக்கு ஒன்று சொல்கிறேன். அடுக்குமுன் ஐந்தாறு இடத்திலிருந்து தண்டும் இலையுமாகப் பிடுங்கிப் பொடியாக நறுக்கி, 100 கிராம் எடை போடுங்கள். வாணலியில் சிறு தீயில், கருகாமல் கிளறிக் கிளறிக் காயவிடுங்கள். எடை இறங்குவது நின்றதும் மறுபடி போட்டுப் பாருங்கள். 85 கிராம் நின்றால் தைரியமாக அடுக்கலாம். 70 என்றால் 30 பங்கு ஈரம், இன்னும் வெயிலில் கிடக்கட்டும். தராசு இல்லாதவர்கள் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நறுக்கிய புல்லோடு ஒரு கரண்டி உலர்ந்த தூள் உப்பு போட்டுக் குலுக்குங்கள். உப்பு கட்டி தட்டினால் ஈரம் இருக்கிறது.

நாலுமாடு:
கம்பியைப் பிடிக்க முடியவில்லை. மாடுகளை வெளியே கட்டி, பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு, தண்ணீர்க் குழாயை இழுத்து வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து பிரித்தோம். நெருப்பு இல்லை. நடுவில் ஒரு பாகம் புகையிலை நிறத்தில், வெல்லம் காய்ச்சிய மாதிரி வாசனை. அடியில் ஒரு சாண் வெள்ளைப் பூசணம், உதறினால் தூசி மூக்கில் ஏறுகிறது. பழுப்புப் புல்லை மாடு ஆசையாகத் தின்கிறது, போடலாமா?

மேய்ச்சல்வெளி:
பூசணம் பிடித்ததை எந்த மாட்டுக்கும் போடாதீர்கள், சினை மாட்டுக்குக் கண்டிப்பாக வேண்டாம், கரு கலையலாம். எருக்குழியில் தள்ளுங்கள், உதறும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பழுப்பு பாகம் வாசனைக்காகத் தின்னும். ஆனால் அந்தச் சூட்டில் புரதம் இறுகிப்போய்ச் சரியாகச் செரிக்காது. வயிற்றை நிரப்பக் கொஞ்சம் கலந்து போடலாம், அதை நம்பிப் பிண்ணாக்கைக் குறைத்துவிடாதீர்கள்.

கவைக்கம்பு:
பிரித்ததை மெல்லிசாகப் பரப்புங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி அடுக்கினாலும் மூன்று வாரத்துக்குக் கம்பியைக் குத்திப் பார்த்துக்கொண்டே இருங்கள். கொட்டகைக்குள் வேண்டவே வேண்டாம்.

நாலுமாடு:
சரி. பாதிக்கு மேல் தேறும் போலிருக்கிறது. மீதி நேப்பியரைப் பச்சையாகவே நறுக்கிப் போடுகிறேன். கொழுக்கட்டைப் புல் விதை கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி, வெயில் இருக்கும்போதே புரட்டப் போகிறேன்.