ஏரி நீர் இருப்பைக் கணிக்கும் ப்ராஜெக்ட்: கிருஷ்ணா நீரை எப்படிப் பிரிப்பது?

வணக்கம் நண்பர்களே. சனி, ஞாயிறுகளில் ஆசைக்காகப் பைத்தானில் ஒரு சின்ன டேட்டா சயின்ஸ் ப்ராஜெக்ட் செய்கிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் தினசரி நீர் இருப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் வெளியிடுகிறது அல்லவா? அதையும் மழையளவையும் வைத்து, வடகிழக்குப் பருவமழை முடியும்போது இருப்பு எவ்வளவு இருக்கும் என்று அக்டோபரிலேயே சொல்லிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

சோழவரத்தின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடிதான், செம்பரம்பாக்கம் 3,645. அதனால் எல்லாவற்றையும் சதவீதமாக மாற்றிவிட்டேன். அதில் பிரச்சினை இல்லை.

சிக்கல் பூண்டியில்தான். மழையே இல்லாத நாட்களிலும் அங்கே மட்டம் ஏறுகிறது. ஆந்திராவின் கண்டலேறு அணையில் திறக்கும் கிருஷ்ணா நதி நீர் வந்து சேர்வதால் அப்படி. பூண்டியிலிருந்து கால்வாய் வழியாக மற்ற ஏரிகளுக்கும் நீர் போகிறது. ஓர் ஏரியில் இறங்குவது இன்னொன்றில் ஏறும்போது, நான்கையும் தனித்தனியாகக் கணிப்பது வீண் வேலை என்றே நினைக்கிறேன். மொத்த இருப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமா?

மழையால் வந்த நீரையும் கிருஷ்ணா நீரையும் பிரித்துப் பார்க்க, ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டுக்கு (கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழையும் இடம்) வந்த நீரின் பழைய தினசரி அளவு யாரிடமாவது எக்செல்லிலோ சிஎஸ்வியிலோ இருக்கிறதா? செய்தித்தாள் குறிப்புகளைத் தொகுத்து வைத்திருந்தாலும் பெரிய உதவி.

இன்னொன்று: 2015 வெள்ளம், 2019 வறட்சி. டைம் சீரிஸ் (நாள் வரிசையிலான தரவு) வேலை செய்தவர்கள் இப்படிப்பட்ட ஆண்டுகளை மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும்போதே சேர்ப்பீர்களா, சோதிப்பதற்கென்று ஒதுக்கி வைப்பீர்களா? கோடை முழுக்கக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தெருக்களில் ஒன்று எங்களுடையது, அதனால் 2019-ஐ விட்டுவிட மனமில்லை.