குடிய விட்டுட்டேன்னு கோயில்ல சாட்சி சொன்ன மூணாவது வாரம் மறுபடி குடிச்சேன்

நெல்லைக்காரன்:
இந்தக் குழுவுல ஜெபத்தால குடிய, கெட்ட பழக்கத்த விட்டோம்னு எல்லாரும் ஜெயிச்ச கதையப் போடுறீங்க, நல்லது, நான் தோத்ததுல இருந்து ஆரம்பிக்கேன். பாளையங்கோட்டை, ஊசிக்கோபுரம்னு சொல்ற சர்ச்சுக்குக் கிட்டத்தான் வீடு, சண்டே ஸ்கூல், பாடகர் குழு எல்லாம் உண்டு, வெளியூர் வேலைக்குப் போன இடத்துல குடி பழகுச்சு, பதினோரு வருஷம் விடல. மத்தியானம் 12க்குத்தான் டாஸ்மாக் கடை திறப்பான், எனக்கு பதினொன்னரைக்கே கை நடுங்கும், வண்டில சாவியச் சொருக ரெண்டு மூணு தடவ பாக்கணும். வீட்டுக்காரி செயின் அடகுக்குப் போயிட்டு, தாலிய கவரிங் செயின்ல கோத்துப் போட்டுக்கிட்டு கோயிலுக்கு வருவா.

2019 லெந்து நாள்ல, அதான் ஈஸ்டருக்கு முந்துன தவக்காலத்துல, நடந்த கன்வென்ஷன் கூட்டத்துல கடைசி ராத்திரி முன்னால போயி முழங்கால் போட்டேன். அந்த அழுகை நிஜம்தான், இப்பவும் சொல்லுவேன். ஈஸ்டருக்கு சாட்சி சொல்லச் சொன்னாங்க, மைக்கப் பிடிச்சு "ஆண்டவர் என்னை முழுசா விடுவிச்சிட்டார்"ன்னேன், சபையே அல்லேலூயா சொல்லுச்சு, எங்கம்மா முந்தானையால கண்ணத் தொடைக்கா. மூணாவது வாரம் ஒரு கல்யாண வீட்டு மொட்டை மாடில மறுபடி ஊத்திக்கிட்டேன்.

அதுக்குப் பொறவுதான் நரகம். முன்னால வெறும் குடிகாரன், இப்ப கோயில்ல பொய் சொன்ன குடிகாரன். அப்பமும் ரசமும் குடுக்கிற திருவிருந்து ஞாயிறுன்னா வயித்து வலின்னு படுத்துக்கிடுவேன்.

கண்டுபிடிச்சது எங்க உபதேசியார், ஐயருக்கு அடுத்தபடி சபையப் பாத்துக்கிடுற ஊழியர். எழுபது வயசு, அவரு பிரசங்கம்னா பாதிப் பேரு தூங்கிருவோம். ஒருநா சாயந்திரம் சைக்கிளச் சாத்திட்டு திண்ணைல உக்காந்து, "மறுபடி எப்பம்டே ஆரம்பிச்ச?"ன்னாரு. ஆரம்பிச்சியான்னு கேக்கல பாத்தீங்களா, எப்பம்னு கேட்டாரு. அவரும் வாலிபத்துல இதே மாதிரி சாட்சி சொல்லிட்டு விழுந்தவராம், நாங்க யாரும் கேள்விப்பட்டதே இல்ல. "பைபிள்ல யாக்கோபு அஞ்சு பதினாறுல ஒருத்தருக்காக ஒருத்தர் ஜெபம்பண்ணுங்கங்கிறத எல்லாரும் சொல்லுவோம்டே, அதுக்கு முன்னால குற்றங்களை ஒருத்தருக்கொருத்தர் அறிக்கையிடுங்கன்னு கெடக்கு, அத விட்டுருவோம்"ன்னாரு.

ஏற்பாடு இதுதான், தினமும் ராத்திரி 9க்கு போன் பண்ணணும், குடிச்சிருந்தா குடிச்சேன், இல்லன்னா குடிக்கல, அவ்வளவுதான். டாக்டர்ட்டயும் அவரே கூட்டிட்டுப் போனாரு, ஏன்னா வருஷக்கணக்கா குடிச்சவன் பட்டுன்னு நிறுத்துனா வலிப்பு வரும், உசிருக்கே ஆபத்து. (ஜெபம்பண்ணியாச்சு மாத்திரை எதுக்குன்னு சொல்ற ஆளுங்கள தயவுசெஞ்சு நம்பாதீங்க.) அப்புறம் ஏ.ஏ. கூட்டம், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விடணும்னு நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடுறது, 1935ல அமெரிக்கால ரெண்டு குடிகாரங்க ஆரம்பிச்சது, அதுல ஒருத்தரு டாக்டரு, அவங்களும் தொடக்கத்துல யாக்கோபு நிருபத்தத்தான் விழுந்து விழுந்து வாசிச்சிருக்காங்க.

முதல் மாசம் நாலு தடவ "குடிச்சேன் ஐயா"ன்னு சொல்லியிருக்கேன். நாலு தடவையும் "சரி, நாளைக்கு ஒம்பதுக்குக் கூப்பிடு"ன்னு வச்சிட்டாரு. ஒரு வசனம் கூட சொல்லல.

2021 கொரோனால போயிட்டாரு. அன்னைக்கு ஒம்பது மணிக்கு போனக் கையில வச்சிக்கிட்டே நின்னேன், பொறவு அடுப்படிக்குப் போயி வீட்டுக்காரிட்ட "இன்னைக்குக் குடிக்கல"ன்னேன். இப்பவும் அவட்டதான் சொல்றேன்.

நாகர்கோவில் அக்கா:
தம்பி, உங்க வீட்டுக்காரி பக்கத்துல நின்னு நான் சொல்லட்டும். என் வீட்டுக்காரரு இன்னும் குடிக்கத்தான் செய்றாரு, பிள்ளைங்களோட அம்மா வீட்டுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. "பொறுத்துக்கோ, உன் ஜெபம் பத்தல"ன்னு சொல்லிச் சொல்லியே என்னக் கொன்னுட்டாங்க, அடி வாங்கிக்கிட்டு கெடக்கது விசுவாசமா? ஆனா என் பாவத்தையும் சொல்லிருதேன், அவரு ரோட்டுலயே விழுந்து செத்துரணும்னு முழங்கால் போட்டு ஜெபிச்சிருக்கேன், ஒருநா ரெண்டுநா இல்ல. ஒரு நாள் பெண்கள் ஜெபக்கூட்டத்துல அத வாய்விட்டுச் சொல்லிட்டேன். ஃபேன் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. பொறவு பக்கத்துல இருந்த பாட்டி என் கையப் பிடிச்சு, "நானும் அப்படி ஜெபிச்சிருக்கேன் மக்ளே"ன்னாங்க. அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.

ராத்திரிப்பறவை:
எனக்குக் குடி இல்ல, போன்ல காசு கட்டி ஆடுற ரம்மி. 2025 ஆகஸ்ட்ல சட்டம் வந்து காசு கட்டி ஆடுற ஆப் எல்லாம் நின்னுச்சு, வீட்ல ஸ்தோத்திரம் சொன்னாங்க, நான் அந்த ராத்திரியே வெளிநாட்டு சைட் தேடிட்டு இருந்தேன். வாலிபர் கூட்டத்துல நாந்தான் கிட்டார் வேற. யார்ட்டயும் சொன்னதில்ல, இங்கதான் மொதல்ல. அந்த உபதேசியார் மாதிரி ஆளு எங்க ஊர்ல இல்லண்ணே.

நெல்லைக்காரன்:
இன்பாக்ஸ்ல நம்பர் போட்டிருக்கேன் தம்பி. ஒம்பது மணி. அஞ்சு நிமிஷம் தாண்டுனா நானே கூப்பிடுவேன்.