புராஜெக்ட் நோட்டு: ஆறு மாதம் கழித்தும் புரிய எப்படி எழுதுவது?

சாலிடர்புகை:
எலக்ட்ரானிக்ஸ் வேலைகளுக்குத் தனி நோட்டுப் போட்டு எழுதுகிறேன். பழைய பக்கத்தைப் புரட்டினால் "அவுட்புட் 4.7 வோல்ட், ஓகே" என்று மட்டும் இருக்கிறது. எந்த போர்டு, அவுட்புட்டில் இணைத்திருந்த லோடு (மின்சாரம் வாங்கும் பாகம்) என்ன, ஒன்றும் தெரியவில்லை. என்ன நோட்டு, என்ன பேனா, எதையெல்லாம் எழுதுவது? புரோகிராமும் படங்களும் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன, அவற்றை எப்படிச் சேர்ப்பது?

மில்லிவோல்ட்:
பவர் போடும் முன்பே எதிர்பார்க்கும் அளவை எழுதிவிடுங்கள். அளந்த பிறகு எழுதினால் எந்த எண்ணும் "ஓகே" ஆகிவிடும். அந்த வரி இப்படி இருந்திருக்கலாம்:

"போர்டு 3. இன்புட் 12.0 வோல்ட், லோடு 10 ஓம். எதிர்பார்ப்பு 5.0. 5 நிமிடம் ஓடியபின் 4.71, லோடு முனையில் அளந்தது."

கடைசி மூன்று சொற்களை விட்டுவிடாதீர்கள். 0.47 ஆம்பியர் ஓடும்போது ஒயரில் 0.6 ஓம் இருந்தாலே 0.28 வோல்ட் அங்கேயே போய்விடும். எங்கே அளந்தது என்று எழுதாவிட்டால், நன்றாக வேலை செய்யும் ரெகுலேட்டரை (வோல்ட்டை நிலையாக வைக்கும் பாகம்) கழற்றி மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கட்டத்தாள்:
ஸ்பைரல் வேண்டாம், தாள் போனாலும் தெரியாது. தைத்த நோட்டு, 5 மி.மீ. கட்டம். முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டு, முதல் 4 பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விடுங்கள்.

சாதாரண பால்பாயிண்ட் மை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரையும். போர்டு துடைக்கிற மேசையில் சிந்துவதே அதுதான். பிக்மென்ட் மைப் பேனா வாங்குங்கள். வெப்பத்தில் அழியும் ஜெல் பேனா கூடவே கூடாது: சுமார் 60 டிகிரியில் நிறம் போய்விடும், ஹாட் ஏர் (சாலிடரை உருக்கும் சூடான காற்று) பட்டால் வெற்றுத்தாள்தான். (போய்விட்டால் ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள், குளிரில் எழுத்து திரும்புவதுண்டு.) தெர்மல் பேப்பர் பிரிண்ட்டையும் அப்படியே ஒட்டாதீர்கள், மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள்.

சாலிடர்புகை:
சர்க்யூட்டை மட்டும் பென்சிலில் வரையலாமா? அழிக்க வசதி.

மில்லிவோல்ட்:
அந்த வசதிதான் வேண்டாம் என்கிறோம். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஏன் 470 ஓம் ஆனது என்பதைத்தான் பின்னால் தேடுவீர்கள். ஒற்றைக் கோட்டில் அடித்து, பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதுங்கள்.

கமிட்காரன்:
கம்ப்யூட்டர் பக்கம்: புரோகிராமின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் ஒவ்வொரு சேமிப்புக்கும் (கமிட்) ஒரு எண் வரும். அந்தக் கமிட் எண்ணின் முதல் 7 எழுத்தை நோட்டில் எழுதுங்கள், கமிட் செய்தியில் நோட்டுப் பக்கத்தைப் போடுங்கள். இரண்டாம் நோட்டு, 47ஆம் பக்கம் என்றால் "2-47". படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கும் அதே பெயர், போர்டின் அடியில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் அதே. கமிட் செய்யாத மாற்றத்தோடு ஃபிளாஷ் செய்தால் (புரோகிராமைச் சிப்பில் ஏற்றினால்) மட்டும் நோட்டில் இருக்கும் எண் பொய்யாகிவிடும். முதலில் கமிட், பிறகு ஃபிளாஷ்.