ஹாங்கா ஓர்டோனுவ்னா நடிகையா, பாடகியா? பம்பாய் வரை வந்த போலந்துக் கலைஞரைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: வாவிக்கரையாள் (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். பாட்டும் நடிப்பும் ஒருங்கே வாய்த்த பெண் கலைஞர்களைப் பற்றி, மட்டக்களப்பில் இயங்கும் எங்கள் சிறிய அரங்கக் குழுவில் மாதம் ஒருவராகப் பேசி வருகிறோம். கே. பி. சுந்தராம்பாளில் தொடங்கிய அந்த வரிசையில் அடுத்து வருபவர் போலந்தின் ஹாங்கா ஓர்டோனுவ்னா. அவரைப் பற்றி உரையாற்றும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

அவருடைய 1930களின் ஒலிப்பதிவைக் கேட்டபோது எனக்குக் குழப்பமே மிஞ்சியது. போருக்கு முந்திய வார்சாவையே கட்டிப்போட்டவர் என்று புகழப்படும் ஒருவரின் குரல் இவ்வளவு சிறியதாக, சில இடங்களில் ஏறத்தாழப் பேச்சாகவே இறங்கிவிடுவதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாசித்த குறிப்புகளும் இரண்டு வெவ்வேறு பெண்களைப் பற்றியவை போல இருக்கின்றன. ஒன்றில் அவர் இரவரங்குகளில் மின்னும் நட்சத்திரம். மற்றொன்றில் சோவியத் மண்ணிலிருந்து அனாதைப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பம்பாய் வந்து சேர்ந்த நோயாளிப் பெண்.

அவரை முதலில் நடிகையாகக் கொள்வதா, பாடகியாகக் கொள்வதா? இந்த இரண்டு வாழ்க்கைகளும் எவ்வாறு ஒன்றோடொன்று இணைந்தன? இவற்றில் எதற்கு உரையில் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: களரிக்குப் பின்னால் (வந்தாறுமூலை)

தங்கை, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அவருடைய குரல் சிறியது என்பதை அவர் காலத்து ரசிகர்களே மறைத்ததில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதில்தான் உங்கள் உரை தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அவருடைய இயற்பெயர் மரியா அன்னா பியெத்ருஷின்ஸ்கா. 1902 செப்டெம்பர் 25 அன்று வார்சாவில் ஒரு புகையிரதத் தொழிலாளியின் குடும்பத்தில் பிறந்தார். நகரின் பெரிய அரங்கத்தைச் சார்ந்த பாலே நடனப் பள்ளியில் பயின்றவர் என்பதால், பாட்டுக்கும் நடிப்புக்கும் முன்பே அவருடைய உடல் மேடைக்குப் பழகிவிட்டது. பதினாறு வயதளவில் ‘ஸ்பிங்ஸ்’ என்ற கபரே அரங்கில் ஏறியவர், பிறகு லுப்லின் நகருக்குச் சென்று அங்கே சிறு மேடைகளில் பாடக் கற்றுக்கொண்டு தலைநகருக்குத் திரும்பினார். ஓர்டோனுவ்னா என்பது மேடைக்காகச் சூட்டிக்கொண்ட பெயர். மக்கள் அதைச் சுருக்கிச் செல்லமாக ஓர்டோங்கா என்றார்கள்.

காலத்தையும் கவனியுங்கள். 123 ஆண்டுகள் மூன்று பேரரசுகளுக்கிடையே துண்டாடப்பட்டுக் கிடந்த போலந்து 1918 நவம்பரில்தான் மீண்டும் ஒரு நாடானது. அடுத்த ஆண்டே வார்சாவின் செனாடோர்ஸ்கா வீதியில், ஒரு வணிகக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில், ‘க்வி ப்ரோ க்வோ’ என்ற அரங்கு திறக்கப்பட்டது. கபரே என்றதும் நம்மவர்களுக்குப் பழைய தமிழ்த் திரைப்படங்களின் மதுவிடுதி நடனமே நினைவுக்கு வரும். அதை முதலில் கேட்போரின் மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். அங்கே அரசியல் நையாண்டியும், குறுநாடகமும், பாட்டும், நடனமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடையே ஒரு கட்டியக்காரர் தோன்றிச் சபையோடு உரையாடுவார். யூலியான் துவிம், மரியான் ஹெமார் போன்ற முதல் வரிசைக் கவிஞர்களே அந்த மேடைக்கு எழுதினார்கள். ஒரு நாட்டின் சிறந்த கவிஞர்கள் மூன்று நிமிடப் பாட்டுக்காக மெனக்கெட்ட காலம் அது. இன்றைய நம் பாடலாசிரியர்கள் சிலரை நினைத்துப் பெருமூச்சு விடாமல் இதை எழுத முடியவில்லை.

1924இல் ரஷ்யப் புலம்பெயர் கலைஞர்களின் ‘நீலப் பறவை’ என்ற குழுவோடு வார்சாவுக்கு வந்த ஃப்ரிடெரிக் யாரோசி அந்த நகரிலேயே தங்கிவிட்டார். போலிஷ் மொழியை வந்த பிறகே கற்று, அயல் உச்சரிப்பு மாறாமலே பேசி, அதையே தன் அடையாளமாக்கிக்கொண்ட கட்டியக்காரர் அவர். ஓர்டோங்காவின் வாழ்க்கைத் துணையாகச் சில ஆண்டுகளும் ஆசானாக அதைவிட நீண்ட காலமும் இருந்த அவர், துடிப்பான நடனப் பெண்ணாக இருந்தவரை ஒவ்வொரு பாட்டையும் ஒரு பாத்திரமாக ஆக்கிக் காட்டும் நடிகையாகச் செதுக்கினார். நம் கூத்தில் வரவுத் தரு பாடி உள்ளே வரும் பாத்திரம், ஆட்டத்தாலும் பாட்டாலும் தான் யார் என்பதைச் சபைக்கு உணர்த்திவிடுவதைப் போலவே, அவர் பாட்டுக்குப் பாட்டு வேறொருத்தியாகத் தோன்றினார். உடை மாறியது, நிற்கும் விதம் மாறியது, கைகள் பேசின. ஒலிநாடாவில் நீங்கள் கேட்பது அந்த ஆற்றுகையின் ஒரு பங்கை மட்டுமே. ஆகவே முதற் கேள்விக்கு என் விடை, நடிகை என்பதுதான்.

திரைப்படங்கள் குறைவு. 1923இல் மௌனப்படத்தில் தொடங்கியவர், 1933இல் மியெசிஸ்வாவ் கிராவிச் இயக்கிய ‘முகமூடி அணிந்த உளவாளி’ என்ற பேசும் படத்தில் ரீத்தா ஹோல்ம் என்ற உளவுகாரியாக நடித்தார். அந்தப் படம் இன்றும் பேசப்படுவதற்கு அதில் வரும் ‘காதல் உனக்கு எல்லாவற்றையும் மன்னிக்கும்’ என்ற பாடலே காரணம்.

பதில் 2: கல்முனைச் சரித்திர ஆசிரியர்

முதற் பதிலை எழுதிய நண்பர் அரங்கைப் பற்றிச் சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் 1933இல் வந்து நிற்பது எனக்கு ஏற்புடையதல்ல. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் என்ற முறையில், மகள், உங்கள் உரையின் பெரும்பகுதி 1939க்குப் பிறகு நடந்தவற்றுக்கே போக வேண்டும் என்று சொல்வேன்.

1931இல் அவர் மிஹாவ் திஷ்கியேவிச் என்ற பிரபுவை மணந்து, சட்டப்படி ஒரு பிரபுவின் மனைவியானார். கணவர் வெளியுறவுத் துறையில் பணியாற்றியவர். மனைவிக்காகப் பாடல்களும் எழுதியவர். தொழிலாளி வீட்டிலிருந்து வந்த மேடைப் பெண்ணை அந்தப் பிரபுக் குலம் விருப்பத்தோடு ஏற்கவில்லை என்பதை விளக்கத் தேவையில்லை. இத்தகைய கலியாணங்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம்.

1939 செப்டெம்பரில் ஜெர்மனி மேற்கிலிருந்தும் சோவியத் ஒன்றியம் கிழக்கிலிருந்தும் போலந்துக்குள் புகுந்தன. வார்சாவில் ஜெர்மானியர் அவரைக் கைதுசெய்து பாவியாக் சிறையில் அடைத்தார்கள். கணவரின் முயற்சியால் விடுதலை பெற்று இருவரும் லித்துவேனியாவின் வில்னியஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நகரையும் 1940இல் சோவியத் படைகள் பிடித்தன. கணவர் கைதானார், ஓர்டோனுவ்னா சோவியத் ஒன்றியத்தின் உட்பகுதிக்கு நாடுகடத்தப்பட்டுக் கட்டாய உழைப்புக்கு ஆளானார். ஏற்கெனவே காசநோயால் நலிந்திருந்த உடலுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1941 ஜூனில் ஹிட்லர் சோவியத்தைத் தாக்கியதும் நிலைமை தலைகீழானது. போலந்தின் புலம்பெயர் அரசும் சோவியத் ஒன்றியமும் ஜூலை 30இல் கையெழுத்திட்ட சிகோர்ஸ்கி–மைஸ்கி உடன்படிக்கையின் விளைவாக நாடுகடத்தப்பட்ட போலந்துக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. மன்னிப்பு என்று பெயரிட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் எது என்பதை எவரும் சொன்னதில்லை. முகாம்களிலிருந்தும் கூட்டுப் பண்ணைகளிலிருந்தும் வெளியேறித் தெற்கு நோக்கி நகர்ந்த அந்தக் கூட்டத்தில், பசியாலும் தொற்றுநோயாலும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஓர்டோனுவ்னா தன் விடுதலைக்குப் பிறகு அப்பிள்ளைகளைத் தேடிச் சேர்த்து, சோவியத் துர்க்மேனியாவின் அஷ்காபாத் நகரில் அமைந்த அனாதை இல்லத்தில் பராமரித்தார். அங்கிருந்து ஏறக்குறைய 200 பிள்ளைகளோடு, ஈரானின் மஷாத் வழியாகப் பம்பாய் வரையான பயணத்தை 1942இல் முடித்தார். பம்பாயிலிருந்து நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற லொறிகளே திரும்பும்போது பிள்ளைகளை ஏற்றி வந்தன.

இந்துமாக் கடலும் அப்போது அமைதியாக இருக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் நம் மட்டக்களப்புக் கடலில்தான் மூழ்கடித்தன. உங்கள் சபையில் இருப்பவர்களுக்கு அந்தக் கப்பலைத் தெரியும். காலத்தை உணர்த்த அது போதும்.

போர்க்காலத்தில் போலந்துப் பிள்ளைகளுக்குக் குஜராத்தின் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங் ஜாம்நகருக்கு அருகிலுள்ள பாலாசடியில் ஒரு முகாமையே கட்டிக்கொடுத்தார். கிரிக்கெட் ரசிகர்கள் அறிந்த ரஞ்சித்சிங்கின் சகோதரருடைய மகன் அவர். அந்த மன்னரின் பெயரால் வார்சாவில் இன்று ஒரு பூங்காத் திடலும் ஒரு பள்ளியும் உள்ளன. பிள்ளைகள் இல்லங்கள் எத்தனையோ நிறைந்த நம் மாவட்டங்களில் இந்த வரலாற்றை இரண்டு வசனங்களில் கடந்துவிடுவது நியாயமாகாது.

வாவிக்கரையாள்

இருவருக்கும் நன்றி. ஐயா, ஒரு துணைக் கேள்வி. போர் முடிந்த பிறகு அவர் ஏன் வார்சாவுக்குத் திரும்பவில்லை? அவரோடு மேடையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

பதில் 3: களரிக்குப் பின்னால் (வந்தாறுமூலை)

இதற்கு நானே பதில் சொல்கிறேன். கூடவே ஆசிரியர் ஐயாவோடு ஒரு சிறிய வாதமும் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து அவர் 1943இல் பெய்ரூட் சென்று கணவரோடு இணைந்தார். போருக்குப் பின் வார்சாவில் அமைந்த கம்யூனிச ஆட்சியில், பழைய அரசின் இராஜதந்திரியாக இருந்த ஒரு பிரபுவுக்கும் அவருடைய மனைவிக்கும் எத்தகைய வரவேற்புக் கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். நோயும் முற்றியிருந்தது. அப்பிள்ளைகளின் அலைச்சலை ஒரு நூலாக எழுதி, வெரோனிக்கா ஹோர்ட் என்ற புனைபெயரில் 1948இல் பெய்ரூட்டில் வெளியிட்டார். 1950 செப்டெம்பர் 8 அன்று அங்கேயே காலமானார். நாற்பத்தெட்டு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவருடைய எச்சங்கள் 1990இல்தான், ஆட்சி மாறிய பிறகு, வார்சாவின் போவாஸ்கி கல்லறைக்குக் கொண்டுவரப்பட்டன.

யாரோசி கெஸ்டாப்போ என்ற நாஜி இரகசியப் பொலிஸிடமிருந்து தப்பி வார்சாவில் ஒளிந்து வாழ்ந்தார்; பிறகு ஜெர்மனியின் புகன்வால்ட் வதைமுகாமிலும் அடைக்கப்பட்டு, உயிர்தப்பி, 1960இல் அயல்நாட்டிலேயே இறந்தார். ஹெமார் இலண்டனில் தங்கிவிட்டார். துவிம் பிரான்ஸ், பிரேசில், நியூயார்க் என்று அலைந்து 1946இல் நாடு திரும்பினார். யூதரான அவருடைய தாயாரை ஜெர்மானியர் கொன்றுவிட்டிருந்தார்கள். அந்த மேடையின் தோழியருள் மீரா ஸிமின்ஸ்கா மட்டும் போருக்குப் பின் கணவரோடு சேர்ந்து ‘மசோவ்ஷே’ என்ற நாட்டார் கலைக்குழுவை உருவாக்கி நெடுங்காலம் நடத்தினார்.

இப்போது வாதம். பிள்ளைகளின் பயணத்தை உரையின் நடுவில் வைத்தால், கேட்பவர்கள் ஒரு தியாகியை வணங்கிவிட்டு வீடு போவார்கள். கலைஞரைப் பற்றி எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு பெண் கலைஞரின் வாழ்வில் தாய்மை போன்ற ஒன்றைக் கண்டவுடன் அவருடைய கலையை ஓரமாக வைத்துவிடும் வழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. அந்த நிலத்தடித் தள அரங்கில் பயின்ற உழைப்பும் கட்டுப்பாடும் இல்லாமல், ஒரு கூட்டத்தை வசப்படுத்தி அழைத்துச் செல்லும் ஆற்றல் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

பதில் 4: கல்முனைச் சரித்திர ஆசிரியர்

தம்பி, தியாகியாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேடையில் பெற்ற பயிற்சிதான் அந்தப் பிள்ளைகளைக் காத்தது என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். மேடையில் சிறந்த எத்தனையோ பேர் போர்க்காலத்தில் தங்களை மட்டுமே காத்துக்கொண்டார்கள். ஒரே பெண் இரண்டையும் செய்தார் என்பது வரை நமக்குத் தெரியும். உரையாற்றுபவர் அதற்கு மேல் ஒரு காரணத்தைக் கட்டாமல், இரண்டையும் காலவரிசையில் சொல்லிவிட்டுச் சபையிடம் விட்டுவிடுவதே நேர்மையானது.

பதில் 5: இசைத்தட்டுக்காரன் (அக்கரைப்பற்று)

பெரியவர்களின் வாதத்தில் நான் தலையிடவில்லை. பாட்டைப் போடப் போகிறவர்களுக்குச் சில விடயங்களை மட்டும் சொல்கிறேன்.

‘காதல் உனக்கு எல்லாவற்றையும் மன்னிக்கும்’ பாடலின் வரிகள் துவிமுடையவை. ஓல்ட்லென் என்ற புனைபெயரில் எழுதினார். இசை ஹென்றிக் வார்ஸ். 1902இல் பிறந்த அவர் போருக்கு முந்திய போலந்துப் படவுலகின் முதன்மையான இசையமைப்பாளர்; பின்னாளில் அமெரிக்கா சென்று, ‘ஃபிளிப்பர்’ என்ற டொல்பின் படத்துக்கும் இசையமைத்தார். அதே 1933ஆம் ஆண்டுப் படத்தில் இவ்விருவரும் இணைந்து உருவாக்கிய ‘முதல் சைகையிலேயே’ என்ற பாடலும் உண்டு. துள்ளலான பாட்டு, முதற் பாட்டின் ஏக்கத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துக் கேட்டால், ஒரே குரல் இரண்டு பெண்களாக மாறுவது கண்ணால் பார்க்காமலே புரிந்துவிடும்.

இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள், அக்கா. ஓர்டோனுவ்னாவின் வாழ்க்கையை வைத்து யானுஷ் ஜெஷெவ்ஸ்கி 1981இல் இயக்கிய படத்துக்கும் அந்தப் பாடலின் பெயர்தான். அதில் ஓர்டோங்காவாக நடித்தவர் டொரோத்தா ஸ்டாலின்ஸ்கா. பாடல்களைப் பாடியவர் ஹன்னா பனாஷாக். பனாஷாக்கின் குரல் நிறைவானது, ஒலிப்பதிவும் தெளிவானது என்பதால், அசலென்று எண்ணி அதைப் போட்டுவிட்டால் “குரல் சிறியது” என்று நீங்கள் சொல்லப்போகும் விளக்கம் சபைக்கு விளங்காமற் போகும். 1933இன் காட்சியை முதலில் காட்டுங்கள். அதில் இரைச்சல் இருக்கும், இருக்கட்டும். பனாஷாக்கைக் கடைசியில் போட்டு, எவருடைய பாட்டில் அந்தப் பெண்ணைக் கண்டீர்கள் என்று கேட்டால், மிகுதி நேரம் பேச்சிலேயே போய்விடும்.